பள்ளத்து லயத்துக்கு வைஃபை வந்த வழி

அக்கா ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் முதலில் வாங்கியது, மகளுக்கு ஒரு மடிக்கணினி. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கொழுந்து பறித்துச் சேர்ந்த காசு அது. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். விரிவுரைகளில் ஒரு பகுதி இணைய வழியாகத்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஹட்டனில் வாங்கிய பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையில் பிரித்து, கணினியை இயக்கினார்கள். அது மொழியைக் கேட்டது, நாட்டைக் கேட்டது, அடுத்ததாக வலையமைப்பைக் கேட்டது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அன்றிரவு எனக்கு அழைப்பு வந்தது.

"மாமா, கூடவே வாங்கிய ரவுட்டரில் வைஃபை முழுமையாகக் காட்டுகிறது. ஆனால் எதுவுமே திறக்கவில்லை. லெப்டொப் பழுதோ தெரியவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?"

மறுநாள் முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் போனேன். மடிக்கணினியில் பழுது எதுவும் இல்லை. சிக்கல் இருந்த இடம் வேறு. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் பிடித்தது. இதே குழப்பம் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அப்புத்தளையிலும் பல வீடுகளில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிய கணினியைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்கிறார்கள், ரவுட்டரை மாற்றுகிறார்கள், டேட்டாப் பொதியை மாற்றுகிறார்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் ஒவ்வொரு முறையும் கரைகிறது. அதனால்தான் அந்த அரை நாளில் பார்த்ததை விரிவாக எழுதுகிறேன்.

ஊற்றும் பீலியும் குடமும்

தோட்டத்தில் தண்ணீர் வரும் விதத்தை வைத்தே அவளுக்கு விளக்கினேன். மலைக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. பீலியிலிருந்து வீட்டுக்குக் குடத்தில் வருகிறது. ஊற்றுக்கும் பீலிக்கும் நடுவில் குழாய் அடைத்துக்கொண்டால் புதுக் குடம் வாங்கி என்ன பயன்? ரவுட்டர்தான் பீலி. கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை. அதில் ஓடுவது 4ஜி. ரவுட்டரிலிருந்து மடிக்கணினி வரை இன்னொரு பாதை. அதில் ஓடுவதுதான் வைஃபை. இரண்டும் வானொலி அலைகளே என்றாலும் வேறு வேறு அலைவரிசைகள், வேறு வேறு விதிகள், வேறு வேறு தடைகள்.

மடிக்கணினியின் மூலையில் விசிறிபோல விரியும் அந்தக் குறி, பீலிக்குப் போய்வரும் வழி நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. தண்ணீர் அறவே நின்றுவிட்டால் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தால் எதுவும் சொல்லாது. மலையகத்து வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்த ஒழுகல்தான்.

எந்தப் பாதையில் அடைப்பு என்று அறிய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஆனால் அதற்கு முன் கணினி இயங்கத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பு ஆரம்ப அமைப்பிலேயே இணையத்தையும் ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்கையும் கேட்கும். ஆகவே கணினியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு மேலே உள்ள ரோட்டுக்குப் போனோம். அங்கே என் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, மதகுக் கட்டில் உட்கார்ந்து அமைப்பை முடித்தோம். புதிய மடிக்கணினி வாங்குகிற எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்: முதல் நாளில் சிக்னலைக் கணினியிடம் கொண்டுவரப் போராட வேண்டாம், கணினியைச் சிக்னல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பிறகு காம்பராவுக்குத் திரும்பிச் சோதனையைச் செய்தோம். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பிங்' என்ற கட்டளையோடு ரவுட்டரின் முகவரியைத் தட்டினோம். அந்த முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. கணினி நான்கு முறை கூப்பிட்டது, ரவுட்டர் நான்கு முறையும் 3 மில்லிசெக்கனுக்குள் பதில் சொன்னது. குடத்துப் பாதை சுத்தம். அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரியைத் தட்டினோம். அது கூகுளின் பொதுச் சேவையகம். நான்கில் இரண்டு அழைப்புக்குப் பதிலே இல்லை. மற்ற இரண்டும் அரை செக்கனுக்கு மேல் எடுத்தன. அடைப்பு குழாயில்தான்.

அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது. "அப்படியென்றால் லெப்டொப் நல்லதுதானே மாமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

குழாயில் ஏன் அடைப்பு? இதற்கு விடை தேட மலையகத்தின் பழைய வரைபடத்துக்குப் போக வேண்டும்.

4ஜி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. சுவரை ஓரளவு ஊடுருவும், மலை முகட்டைச் சற்று வளைந்து தாண்டும். ஒரு மலையையே ஊடுருவ அவற்றால் முடியாது. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சிக்னல் நன்றாக இருக்கும். முகட்டுக்குப் பின்னால், பள்ளத்தின் மடியில், அலையின் நிழல் விழும். காலை வெயில் எந்தச் சரிவுக்குக் கடைசியாக வருகிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அலைக்கும் அதே போன்ற கணக்குதான். கிழக்குக்குப் பதிலாகக் கோபுரம் இருக்கும் திசையை வைத்துப் பார்க்க வேண்டும்.

கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பிறகு வந்த காலத்திலும், தோட்டங்களை அமைத்தவர்கள் துரையின் பங்களாவைப் பெரும்பாலும் மேட்டில் கட்டினார்கள். காற்றோட்டத்துக்காகவும், மலைகளை ஒரே பார்வையில் கண்காணிப்பதற்காகவும். தொழிலாளர்களின் லயங்களை ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும், பயிருக்கு உதவாத பள்ளங்களிலும் கட்டினார்கள். அன்று பார்வைக்காகத் தேர்ந்த மேடு, இன்று சிக்னல் விழும் மேடு. பங்களா முற்றத்தில் தொலைபேசி நான்கு கோடு காட்டும். லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒரு கோடு வந்து வந்து மறையும். இணையத்தைக் கற்பனைகூடச் செய்திராத காலத்தில் போட்ட கோடு, இன்று யார் பிள்ளை வகுப்பில் இருக்கிறது, யார் பிள்ளை இல்லை என்பதைப் பாதி தீர்மானிக்கிறது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் தொலைபேசியோடு தேயிலை மலை ஏறியதை நாம் பார்த்தோம். அட்டைக்கடியும் குளவிப் பயமும் உள்ள இடங்களில், பாறை மீது உட்கார்ந்து பாடம் எடுத்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் தொலைபேசி இருந்தது, டேட்டாவும் இருந்தது. இல்லாதது உயரம் மட்டும்தான்.

"பிதுருதலாகலை உச்சியிலிருந்து ரூபவாஹினி இந்த லயத்துக்குத் தெளிவாக வருகிறதே, இணையம் மட்டும் ஏன் வராது?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியின் முக்கிய அனுப்பு நிலையம், நாட்டின் மிக உயரமான 2,524 மீட்டர் மலையில் இருக்கிறது. அது மிகுந்த வலுவோடு அலையை அனுப்புகிறது, தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக்கொள்கிறது. பெட்டி திரும்பி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. இணையமோ இருவழிப் பேச்சு. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் ரவுட்டர் கோபுரத்தை நோக்கிப் பேச வேண்டும். 4ஜி சாதனம் பேசும் வலுவின் உச்ச வரம்பு பொதுவாக 0.2 வாட். மலைக்கு அப்பால் நிற்கும் கோபுரத்தின் உரத்த குரல் இங்கே மெலிந்தாவது கேட்கலாம். இங்கிருந்து போகும் முனகல் அங்கே கேட்பதில்லை. தொலைபேசியில் கோடு தெரிந்தும் எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று மலையகத்தில் சொல்லாதவர் குறைவு. கைத்தொலைபேசி அலையின் நீளம் சுமார் 13 முதல் 33 சென்டிமீட்டர் வரை. பனித்துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு அளவே உள்ளது. அவ்வளவு சிறிய துளிகளை அந்த அலை பொருட்படுத்தாமல் கடந்துவிடும். மழைகூட அதை அதிகம் தடுப்பதில்லை. செய்மதித் தொலைக்காட்சித் தட்டில் மழை நேரத்தில் படம் உடைவது உண்மை, ஆனால் அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். மழை நாளில் இணையம் கெடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே நிற்கும் சவுக்கு மரங்களின் நனைந்த இலைகள் அலையை உறிஞ்சுகின்றன. மின்சாரம் நின்று, கோபுரத்தின் பற்றரி தீர்ந்துபோகிறது. ஒரு கோபுரத்தை இன்னொன்றோடு இணைக்கும் உயர் அலைவரிசைத் தொடுப்பு, அடைமழையில் தளர்கிறது. இவற்றில் மரம் ஒன்றுதான் நம் கைக்கு எட்டும் விஷயம். ரவுட்டரைச் சில அடி நகர்த்தி, மரங்களின் இடைவெளி வழியாகக் கோபுரத்தைப் பார்க்கும்படி வைத்தால் கண்கூடாக வித்தியாசம் தெரியும்.

மாலை ஆறரைக்குப் பிறகு நன்றாக இருந்த இணையமும் மந்தமாவதற்கு மலை காரணமில்லை. வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து, ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் அதே கோபுரம் ஏறக்குறைய சும்மா இருக்கும்.

தகரத்தின் கீழே

லயத்துக் காம்பரா ஒன்றின் பழைய அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் வைஃபை எட்டவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. மிக மலிவான ரவுட்டரின் அலைகூட அந்தச் சுவர்களைத் தொட்டுத் திரும்பும். இதை அறியாமல், நான் போவதற்கு முன்பே அக்கா நகரத்துக் கடையொன்றில் வைஃபை நீட்டிப்பான் ஒன்றை வாங்கிவிட்டிருந்தார். சிக்னல் குறைவு என்று சொன்னதும் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ரவுட்டரின் வைஃபையை வாங்கி மறுபடி வைஃபையாக அனுப்பும் கருவி அது. பெரிய வீட்டின் கோடி அறைக்கு உதவும். கோபுரத்துப் பாதையில் இருக்கும் அடைப்பை அது தொடக்கூட முடியாது. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால், பல கருவிகளில் வேகம் பாதியாகவும் குறையும். என்ன பிரச்சினை என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். கைத்தொலைபேசிச் சிக்னலையே பெருக்கும் கருவி என்று விற்கப்படுபவை வேறு வகை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் அவற்றைப் பொருத்தக்கூடாது. தவறாகப் பொருத்தினால் சுற்றுவட்டாரத்தின் சிக்னலையே குழப்பிவிடும்.

லயத்தின் உண்மையான எதிரி, கூரைத் தகரம். உலோகத் தகடு வானொலி அலையைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். கோபுரம் மேட்டில் இருப்பதால், பள்ளத்து லயத்துக்கு அதன் அலை சாய்வாக மேலிருந்து வருகிறது. வந்து முதலில் விழுவது தகரத்தின் மேல். உள்ளே நுழைய மிஞ்சும் வழி கதவும் ஜன்னலும்தான். பக்கச் சுவர் கருங்கல்லாக இருந்தால் அதுவும் கணிசமாக விழுங்கும். காம்பராவின் நடுவில் மேசை மேல் அழகாக வைத்த ரவுட்டர், பெட்டிக்குள் வைத்த ரவுட்டருக்குச் சமம்.

தகரமும் கல்லும் அலையைத் திருப்பி அனுப்புவதில் வீட்டுக்குள் ஓடும் வைஃபைக்கும் ஒரு தொல்லை உண்டு: எதிரொலி. எதிர்மலையைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டால், முதல் சொல்லின் எதிரொலி இரண்டாம் சொல்லின் மேல் வந்து விழும். வேகமாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஒரு சிறு அறைக்குள் மடிக்கணினிக்கும் இதே நிலைதான். ரவுட்டரின் அலை நேராகவும் வருகிறது, கூரையில் பட்டும் வருகிறது, சுவரில் பட்டும் வருகிறது. இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வுகளில் முக்கியமான ஒன்று, அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜோன் ஓ'சலிவனும் அவரது குழுவினரும் கண்டது. வெடிக்கும் சிறு கருந்துளைகளின் வானொலிச் சைகைகளைத் தேடியபோது அவர் பழகிய கணித முறைகள் இதற்கு உதவின. 1996இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. செய்தியைப் பல மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழையிலும் நிதானமாகப் பேசுவதுதான் சாரம். நிதானமாகப் பேசினால் எதிரொலி அடுத்த சொல்லைக் கெடுக்காது. இன்றைய வைஃபை எல்லாம் இப்படி இழை பிரித்துத்தான் பேசுகிறது. தகரக் கூரையின் கீழ் அது இவ்வளவு நன்றாக வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

லயத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று, பக்கத்து வீடு. சுவருக்குச் சுவர் குடும்பங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு ரவுட்டரோ ஒரு ஹொட்ஸ்பொட்டோ இருக்கும். வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு முக்கியமான பட்டைகள் உண்டு. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பத்து வீடுகள் அந்த மூன்று தடங்களில் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக் கூச்சல்தான். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். சுவரைத் தாண்டும் திறன் அதற்குக் குறைவு. லயத்தில் அது குறையாக இல்லாமல் நன்மையாகவே அமைகிறது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக் கூச்சல் கருங்கல்லிலேயே நின்றுவிடும். ஒரே அறைக்குள் படிக்கும் பிள்ளைக்கு 5 கிகாஹெர்ட்ஸே பொருத்தம். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு இந்த நெரிசல் இல்லை. இந்திய உதவியில் எழுந்த 550 சதுர அடி வீடுகளில், நடு அறையில் வைத்த ஒரு ரவுட்டர் எந்தப் பட்டையிலும் போதும்.

கடைகளில் இப்போது 'வைஃபை 6' என்று அட்டையில் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். 2021இல் இறுதியான தரம் அது, நல்ல தொழில்நுட்பம். ஆனால் கோபுரத்திலிருந்து செக்கனுக்கு 10 மெகாபிட் வருகிற வீட்டில், 2013இல் வந்த வைஃபை 5 கூட அதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அகலமான வாயுள்ள குடத்துக்குக் கொடுத்த பணம். அதே பணத்தில், பின்புறம் வெளி அன்டெனா பொருத்தும் இரண்டு துளைகள் உள்ள ரவுட்டரைத் தேடி வாங்குங்கள். மலையகத்துக்கு அதுதான் தேவை.

இடம் தேடி நடந்தது

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும். கோபுரத்தின் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதற்கான அளவு. அது எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. -90க்கு மேலே என்றால் நிம்மதி. -100ஐத் தாண்டிக் கீழே போனால் சிரமம் தொடங்கும். -110க்குக் கீழே பெயரளவுக்குத்தான் இணைப்பு. கோடுகளை எண்ணுவதைவிட இந்த எண்ணைப் பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல்.

நீளமான ஒரு மின்கம்பியில் ரவுட்டரைச் செருகி, அவள் கையில் ரவுட்டரும் என் கையில் தொலைபேசியுமாக நடந்தோம். மேசை மேல் -114. கதவடியில் -109. இஸ்தோப்பின் விளிம்பில் -105. அடுப்படிப் பக்கம் போகவே இல்லை. விறகுப் புகையும் கரியும் எந்த மின்கருவிக்கும் ஆகாது. லயத்தின் மேல்கோடிக் காம்பராவில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவருடைய ஜன்னல் மலையின் இடைவெளியைப் பார்த்தபடி இருக்கிறது. அனுமதி கேட்டு அந்த ஜன்னலில் வைத்தோம். -93. ஒரே லயம், முப்பது மீட்டர் தூரம், அவ்வளவு வித்தியாசம். இந்தப் பக்கம் வந்தால் நடுவில் மலையின் தோள். அந்தப் பக்கம் போனால் திறந்த வானம்.

இனி அங்கிருந்து அக்கா வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? வெளி அன்டெனாவை அங்கே வைத்து, அன்டெனாக் கம்பியை இங்கே இழுக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். முப்பது மீட்டர் அன்டெனாக் கம்பியில், கிடைத்த சிக்னலின் பெரும்பகுதி கம்பியிலேயே கரைந்துவிடும். சரியான வழி, ரவுட்டரையே அங்கே விட்டுவிட்டு வலையமைப்புக் கேபிளை இழுப்பது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுவரும். தாழ்வாரத்தின் அடியில் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு இழுத்தோம். அக்கா வீட்டில், ஹட்டனில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் கொடுத்த பழைய ரவுட்டரைக் கேபிளின் இந்த முனையில் மாட்டினோம்.

இரண்டாவது ரவுட்டரை மாட்டுகிறபோது பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ரவுட்டரின் வேலை. அதற்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரே வலையமைப்பில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்கினால் குழப்பம். ஆகவே இரண்டாவது ரவுட்டரில் அந்தச் சேவையை நிறுத்தி, அதற்கு முதலாவதன் முகவரியோடு மோதாத வேறு முகவரி கொடுத்து, கேபிளை வெளி இணைப்புக்கான 'வான்' (WAN) துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான 'லான்' (LAN) துளையில் செருக வேண்டும். சில ரவுட்டர்களில் 'அணுகு புள்ளி' முறை என்று ஒரே தெரிவில் இது முடிந்துவிடும். மறுபடி 8.8.8.8ஐத் தட்டினோம். நான்குக்கு நான்கு பதில், ஒவ்வொன்றும் 50 மில்லிசெக்கன் அளவில்.

யாரோடு பகிர்வது

கேபிள் இழுப்பதை லயமே பார்த்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, மாதக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பகிரலாம் என்பதே என் எண்ணம். தனித்தனியே நான்கு பலவீனமான இணைப்புகளுக்குப் பணம் கட்டுவதைவிட, நல்ல இடத்தில் வைத்த ஒன்றைப் பகிர்வது நான்கு குடும்பத்துக்கும் ஆறுதல். சேவை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிம் யாருடைய தேசிய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறதோ, அந்த இணைப்பில் நடப்பதற்கு முதல் விசாரணை அவரைத் தேடித்தான் வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

அதனால் பக்கத்து வீடுகளுக்கு 'விருந்தினர் வலையமைப்பு' ஒன்றைத் தனிப் பெயரிலும் தனிக் கடவுச்சொல்லிலும் திறந்தோம். அதில் இணைபவர்கள் இணையத்துக்குப் போகலாம். அக்கா வீட்டுக் கணினியை எட்டிப் பார்க்க முடியாது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் இன்னொன்று. தொழிற்சாலையில் போட்டது அப்படியே இருந்தால் யாரும் உள்ளே போய் இணைப்பையே வேறு பக்கம் திருப்பிவிடலாம். அதை மாற்றி, ஒரு கொப்பியில் எழுதி, கேபிள் பெட்டியோடு வைத்தோம். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய தொலைபேசிகள் இருந்தால் டபிள்யூபிஏ2ஐயும் தெரிவுசெய்யுங்கள்; அதற்குக் கீழே போகாதீர்கள். பொத்தானை அமுக்கி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்த விஷயம்.

புதிய மடிக்கணினி முதல் வாரத்தில் மிகுந்த பசியோடு இருக்கும். விண்டோஸ் புதுப்பிப்புகள் சில கிகாபைட்டுகள், செயலிகள் சில, படங்களை 'மேகம்' எனப்படும் இணையச் சேமிப்பில் ஏற்றும் வேலை வேறு. யாரும் எதையும் திறக்காமலே மாதப் பொதி தீர்ந்துபோவது இப்படித்தான். வைஃபை அமைப்பில், அந்த இணைப்பின் பண்புகளுக்குள் 'அளவிடப்பட்ட இணைப்பு' என்ற தெரிவை இயக்கிவிட்டால் பெரிய பதிவிறக்கங்கள் பெரும்பாலும் நிற்கும். புதுப்பிப்பை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்புக்கு அது அவசியம். பொதியில் இரவுக்கென்று தனி அளவு இருந்தால் அந்த நேரத்தில் தெரிவை அணைத்து, எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். அக்கா மகள் அதிகாலை நான்கரைக்கு எழுந்து இதைச் செய்கிறாள்.

செய்மதி வழி இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கைக்கு வந்துவிட்டது. தட்டுக்குத் திறந்த வானம் கிடைத்தால் முகடு எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஒரு தொழிலாளர் குடும்பம் தனியாகத் தாங்கக்கூடிய செலவு அது இல்லை. தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு ஒன்றாக, குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தின் கூரையில் வைத்து, பிள்ளைகள் மாலையில் வந்து படிக்க வழி செய்தால் அது கட்டுப்படியாகும். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் பிரதேச சபைகளும் பேச வேண்டிய விஷயம் இது. பேச வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யூபிஎஸ், அதாவது மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி, நாடெங்கும் பரவியது. இன்னும் கிடைக்கிறது. மடிக்கணினிக்குத் தன் பற்றரி இருக்கிறது, கோபுரத்துக்கும் கொஞ்ச நேரத்துக்கு இருக்கிறது. நடுவில் அணைவது ரவுட்டர் மட்டும்தான். ரவுட்டரின் எடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் யூபிஎஸ்ஸோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்னலுக்கு யூபிஎஸ் காவல் இல்லை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடி மின்னல் திரளும். மின்கம்பி வழியாக வருவதைப் போலவே, லயத்தின் நீளத்துக்கு இழுத்த கேபிள் வழியாகவும் அதிர்ச்சி பாயலாம். ஆகவே பிளக்கையும் கழற்ற வேண்டும், கேபிளின் முனையையும் கழற்ற வேண்டும். இதைப் பாட்டிக்கு இரண்டு முறை செய்து காட்டினேன். இப்போது எதிர்மலைப் பக்கம் முதல் இடி கேட்டதும், கொடியில் காயும் துணியை எடுக்கப் போவதற்கு முன் அவர் ஜன்னலடிக்குப் போய் இரண்டையும் கழற்றி வைத்துவிடுகிறார். மழை விட்டதும் அக்கா மகள் ஓடிவந்து மறுபடி செருகுகிறாள்.